கொன்றுண்ணி மீன்களின் பிறவினை: பவளப்பாறையின் உணவு வலையை விளங்கிக்கொள்ளல்

முன்னுரை

மொழியியல் பயின்ற ஒருவன் மீன்களைப் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் கூறியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன்னர், மாணவர்க்கான அறிவியல் வாசிப்புப் பகுதி ஒன்றின் மொழிநடையைச் சரிபார்க்கும் பணி எனக்கு வாய்த்தது. அதில் ஒரு பத்தியில் ‘உணவுச் சங்கிலி’ என்றும் அடுத்த பத்தியில் ‘உணவு வலை’ என்றும் இருந்தது. ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வந்தால் மாணவர் குழம்புவர் எனக் கருதி, ‘வலை’ என்பதை அடித்துவிட்டுச் ‘சங்கிலி’ என்று திருத்தினேன். சொல்லொருமை பேணிவிட்டோம் என்ற நிறைவோடு தாளைத் திருப்பியும் அனுப்பினேன்.

பின்னர் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு உரையாற்றச் சென்றிருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா, கெராப்பு மீன் சின்ன மீன்களைத் தின்னுது. எல்லாக் கெராப்பையும் பிடிச்சிட்டா சின்ன மீன்களுக்கு நல்லதுதானே?” சங்கிலியை மட்டும் மனத்தில் கொண்ட பிள்ளைக்கு அது முறையான முடிவே. தின்பவன் ஒழிந்தால் தின்னப்படுபவன் பிழைப்பான். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. சங்கிலி வேறு, வலை வேறு என்பதையும், நான் திருத்தியது நடையை அன்று, பொருளை என்பதையும் பின்னரே உணர்ந்தேன். அந்த மாணவனின் வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

பவளப்பாறையில் யார் யார்?

உலகக் கடல்தரையில் பவளப்பாறைகள் பரவியுள்ள பரப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வின் ஏதேனும் ஒரு பருவத்தில் இவற்றைச் சார்ந்திருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பாறையைக் கட்டுபவை பவள உயிரிகள் எனப்படும் மிகச் சிறிய விலங்குகள். அவற்றின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்கு அளிக்கின்றன. பாறையின் மேற்பரப்பில் வேறு பாசிகளும் வளர்கின்றன. இடத்துக்காகப் பவளத்துக்கும் பாசிக்கும் இடையறாத போட்டி நிகழ்கிறது. பாசி தழைத்து மூடினால் பவளம் ஒளி இழந்து நலிகிறது. புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடமும் இல்லாது போகிறது.

பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விடுபவை கிளிமீன் போன்ற தாவர உண்ணி மீன்களும், உருண்டை உடலெங்கும் நீண்ட முட்களைக் கொண்ட கடல் முள்ளெலிகளும் ஆகும். இவற்றையும் பிற சிற்றுயிர்களையும் வேட்டையாடுபவை கொன்றுண்ணி மீன்கள். நம் நாட்டில் கெராப்பு என்று வழங்கும் களவா மீன், பாறை இடுக்கில் அசையாது காத்திருந்து வாயைத் திடீரெனத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். சீலா மீன் விரைந்து பாய்ந்து வெட்டும். கிளாத்தி மீன் தன் வலிய பற்களால் முள்ளெலியின் ஓட்டை உடைக்கும். இவற்றுக்கும் மேலே பாறைச் சுறாக்கள் உலவுகின்றன.

இங்கேயே சங்கிலி தடுமாறத் தொடங்குகிறது. குஞ்சுப் பருவத்தில் களவா தானே பலருக்கு இரை. சற்று வளர்ந்ததும் இறாலையும் நண்டையும் மிகுதியாக உண்கிறது. பெரிதான பின்னரே மீன்களை வேட்டையாடுகிறது. அஃதாவது, ஒரே மீன் தன் வாழ்நாளில் பல படிகளில் நிற்கிறது. அதனைச் சங்கிலியின் ஒரு கண்ணியில் மட்டும் மாட்டி வைக்க இயலாது. 1927ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலால் உணவுச் சங்கிலி என்ற கருத்தைப் பரவச் செய்த ஆங்கிலேய விலங்கியலாளர் சார்லஸ் எல்டன்கூட, ஓரிடத்துச் சங்கிலிகள் யாவும் தம்முள் பின்னி ஒரு முழுமையாவதை அதே நூலில் எடுத்துரைத்திருக்கிறார்.

தன்வினையும் பிறவினையும்

வலையை விளங்கிக்கொள்ள நம் இலக்கணமே ஓர் எளிய வழியைத் தருகிறது. ‘பெருகியது’ என்பது தன்வினை. ‘பெருக்கியது’ என்பது பிறவினை. ‘குறைந்தது’ தன்வினை, ‘குறைத்தது’ பிறவினை. சங்கிலி ‘உண்டது’ என்ற ஒரே வினையை மட்டும் அறியும். ஆனால் களவா ஒரு மீனை உண்ணும்போது, அந்த மீன் உண்டிருக்கக்கூடிய உயிர் தப்பிப் பெருகுகிறது. களவா அதனைத் தொட்டதே இல்லை. ஆயினும் அதனைப் பெருக்கியது களவாவே. உண்ணுதல் கொன்றுண்ணியின் தன்வினை. பெருக்குதலும் குறைத்தலும் அதன் பிறவினை. பவளப்பாறையில் கொன்றுண்ணிகளின் செல்வாக்கு பெரிதும் இந்தப் பிறவினையில்தான் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

இவ்வகைச் செல்வாக்கை முதன்முதலில் ஆய்வுவழிக் காட்டியவர்களுள் ராபர்ட் பெயின் குறிப்பிடத்தக்கவர். அவருடைய களம் பவளப்பாறை அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கடற்கரை. அங்கே சிப்பிகளைத் தின்னும் ஒரு வகை நட்சத்திர மீனை ஒரு பகுதியிலிருந்து தொடர்ந்து அகற்றி வந்தார். கொன்றுண்ணி நீங்கியதால் அனைத்துயிரும் செழிக்கவில்லை. சிப்பிகள் பெருகிப் பாறையை மூடின. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 மட்டுமே எஞ்சின. 1966இல் வெளியான இம்முடிவு சூழலியலின் போக்கையே மாற்றியது. மேற்படியில் நேரும் மாற்றம், அருவி படிப்படியாக விழுவதுபோல், கீழ்ப்படிகள்வரை இறங்குவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரைப் பெயின் 1980இல் ஆண்டார். தமிழில் இதனைப் ‘படித்தொடர் விளைவு’ எனலாம்.

பிஜித் தீவுகள் காட்டிய தொடர்விளைவு

பவளப்பாறையில் இவ்விளைவு தென்படுமா? தென்பசிபிக்கில் உள்ள பிஜி நாட்டின் 13 தீவுகளில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்றாகிறது. அத்தீவுகளுள் சிலவற்றில் மீன்பிடிப்பு குறைவு, சிலவற்றில் மிகுதி. மீன்பிடிப்புக் குறைந்த தீவிலிருந்து மிகுந்த தீவை நோக்கிச் செல்லச் செல்ல, கொன்றுண்ணி மீன்களின் அடர்த்தி 61 விழுக்காடு வீழ்ந்திருந்தது. அதே வரிசையில் முள்முடி நட்சத்திர மீன்களின் அடர்த்தியோ ஆயிர மடங்கு அளவில் உயர்ந்திருந்தது.

முள்முடி நட்சத்திர மீன் பெயரளவில்தான் மீன். உடலெங்கும் நச்சு முட்கள் கொண்ட இவ்வுயிர், தன் இரைப்பையை வாய்வழியே வெளியே நீட்டிப் பவளத்தின்மேல் விரித்து, உயிர்த்திசுவைச் செரித்து உறிஞ்சுகிறது. அது கடந்து சென்ற இடத்தில் வெண்ணிறச் சுண்ண எலும்புக்கூடே எஞ்சும். இது பெருகிய பிஜித் தீவுகளில், பாறையைக் கட்டும் பவளமும் சுண்ணப்பாசியும் 35 விழுக்காடு குறைந்து, பாறை கட்டாத இழைப்பாசிகள் அவ்விடத்தைப் பிடித்திருந்தன. மனிதன் பிடித்தது மீனை, அழிந்தது பவளம். இடையில் நின்ற வினைகளை நாம் காணவில்லை.

இவ்வாய்வு தீவுகளை ஒப்பிட்டு நோக்கியதே அன்றி, மீன்களை வேண்டுமென்றே அகற்றிச் செய்த சோதனை அன்று. ஆதலின் ஏனைய காரணங்களை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. இந்த எச்சரிக்கையையும் மாணவர்க்கு உடன் கூறுதல் நன்று.

ஜமைக்காவும் பகாமாசும்

கரிபியக் கடலின் ஜமைக்கா தீவு மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கு நெடுங்காலம் மிகுதியாக மீன்பிடித்ததால் பெரிய கொன்றுண்ணிகளும் தாவர உண்ணி மீன்களும் ஒருங்கே அருகின. முள்ளெலியை உண்ணும் மீன்களும் குறைந்தன. அதனோடு உணவுக்குப் போட்டியிடும் மீன்களும் குறைந்தன. எனவே கரிய நெடுமுள் கொண்ட ஒரே ஒரு முள்ளெலி இனம் பெருகி, பாசி மேயும் பணியைத் தான் ஒன்றே சுமந்தது. பார்வைக்குப் பாறை நலமாகவே இருந்தது. ஆனால் 1983இல் கரிபியக் கடலில் பரவத் தொடங்கிய நோய் அம்முள்ளெலிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றது. மேய வேறு எவரும் இல்லை. அதற்கு முன்பே 1980இல் வீசிய கடும்புயல் பவளத்தை நொறுக்கியிருந்தது. 1977இல் 52 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சுருங்கியது. பாசிப் பரப்போ 4 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடாக உயர்ந்தது. பல இழைகள் தாங்க வேண்டிய பாரத்தை ஓரிழை தாங்கியது. அவ்விழை அறுந்ததும் யாவும் வீழ்ந்தன.

இங்கு ஓர் ஐயம் எழும். பாசியை மேயும் கிளிமீன் அத்துணை இன்றியமையாதது எனில், கிளிமீனைத் தின்னும் களவாவைப் பாதுகாப்பது பவளத்துக்குத் தீங்கன்றோ? சங்கிலிக் கணக்கின்படி, களவா பெருகினால் கிளிமீன் குறையும். கிளிமீன் குறைந்தால் பாசி பெருகும். பாசி பெருகினால் பவளம் நலியும்.

இவ்வையத்தைப் பீட்டர் மம்பியும் அவர்தம் குழுவினரும் பகாமாஸ் நாட்டில் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அந்நாட்டின் எக்சூமா கடற்பூங்காவில் 1986 முதல் மீன்பிடிக்கத் தடை உள்ளது. பூங்காவுக்குள் களவா மீன்கள் மிகுந்திருந்தன. சிறிய கிளிமீன்கள் சில அவற்றுக்கு இரையாகவும் செய்தன. ஆயினும் பெரிய உடல்கொண்ட கிளிமீன் இனங்கள் வளர்ந்ததும் களவாவின் வாய்க்கு அடங்குவதில்லை. களவாவிடமிருந்து தப்பிய அவை மனிதனின் பொறியிலிருந்தும் தப்பின. தடை இருவரையும் ஒருங்கே காத்தது. பெரிய கிளிமீன் ஒன்று மேயும் அளவு, சிறிய கிளிமீன்கள் பல மேயும் அளவினும் மிகுதி. முடிவில், பூங்காவுக்குள் மேய்ச்சல் இரு மடங்காகவும், பாசிப் பரப்பு நான்கில் ஒரு பங்காகவும் இருந்தன. சங்கிலி முன்மொழிந்த விடை தலைகீழாயிற்று. காரணம், மீனின் உடலளவு என்ற ஒரு செய்தியைச் சங்கிலி கணக்கில் கொள்ளவில்லை.

அச்சம் என்னும் இழை

கொன்றுண்ணி எவரையும் உண்ணாதபோதும் வலையை இயக்குகிறது. அதன் இருப்பே இரையின் நடத்தையை மாற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஹெரான் தீவின் காயலில், சிறு பவளத் திட்டுகளைச் சுற்றி வெளிறிய வளையங்கள் காணப்படுகின்றன. செயற்கைக்கோள் படங்களிலும் அவை புலப்படும். தாவர உண்ணி மீன்கள், ஒளிந்துகொள்ளும் திட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல அஞ்சி, அருகில் உள்ள பாசியையே மேய்வதால் இவ்வளையங்கள் உருவாகின்றன என எலிசபெத் மேடினும் உடன் ஆய்ந்தோரும் 2011இல் விளக்கினர். வளையத்துக்கு அப்பால் பாசி தழைத்து நிற்கிறது.

ஆகவே, ‘அஞ்சியது’ என்ற தன்வினைக்கும் ‘அஞ்சுவித்தது’ என்ற பிறவினைக்கும் இங்கே இடமுண்டு. கொன்றுண்ணி ஒரு நாளில் உண்ணும் மீன்கள் சில. அதனை அஞ்சித் தம் மேய்ச்சலை மாற்றிக்கொள்ளும் மீன்கள் பல. உண்ட மீன்களை மட்டும் எண்ணுவோமாயின் அதன் செல்வாக்கைக் குறைத்தே மதிப்பிடுவோம்.

இடம் மாறிய சிங்கமீன்

இதனால், கொன்றுண்ணி எங்கும் எப்போதும் நன்மையே செய்யும் என முடிவு கட்டுதலும் தவறு. ஒரு சொல்லின் பொருள் அது நிற்கும் வாக்கியத்தைச் சார்ந்தது போல, ஒரு கொன்றுண்ணியின் பயன் அது வாழும் வலையைச் சார்ந்தது. வரிகளும் விசிறி போன்ற துடுப்புகளும் நச்சு முட்களும் கொண்ட சிங்கமீன் நம் கடற்பகுதிக்கு உரியது. நம் பவளப்பாறைகளில் அது பலருள் ஒருவர். இரை மீன்கள் அதனை அறியும்.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கோ அது அயலது. 1985இல் அமெரிக்காவின் புளோரிடா கரையோரம் முதலில் காணப்பட்ட அம்மீன், 2000ஆம் ஆண்டுக்குப் பின் விரைந்து பெருகிக் கரிபியக் கடலெங்கும் பரவியது. அழகுமீன் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களாக இவை இருக்கலாம் என்பதே பரவலான கருத்து. பகாமாசில் சிறு பவளத் திட்டுகளில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், சிங்கமீன் வைக்கப்பட்ட திட்டுகளில் புதிதாக வந்து சேரும் இளம் மீன்களின் பெருக்கம் ஐந்தே வாரங்களில் 79 விழுக்காடு குறைந்தது. துடுப்பை விரித்து மெல்ல ஒதுக்கி மடக்கும் இத்தகைய வேட்டையை அங்குள்ள இளம் மீன்கள் கண்டதில்லை, அஞ்சவும் அறியவில்லை. மீன் அதுவே, வலைதான் வேறு.

அறிஞர்களிடையே உள்ள ஐயங்கள்

இத்துறையில் யாவும் முடிந்த முடிவாகிவிடவில்லை. மனிதர் வாழாத, பசிபிக் பெருங்கடலின் கிங்மன் பவளத்திட்டில் மொத்த மீன் எடையில் 85 விழுக்காடு உச்சநிலைக் கொன்றுண்ணிகளே என 2008இல் ஓர் ஆய்வு அறிவித்தது. உண்பவர் எடை உண்ணப்படுபவர் எடையை மிஞ்சிய அத்தலைகீழ்ப் பிரமிடு உலகை வியப்பில் ஆழ்த்தியது. பின்னர் வந்தோர், நீந்தும் மனிதனைக் காண ஆர்வத்தோடு நெருங்கிவரும் சுறாக்களும் பாறை மீன்களும் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டிருக்கலாம் என்று சுட்டினர். மேலும், சுறாக்கள் பல இடங்களில் உலவுபவை. அவற்றின் உணவு முழுவதும் அப்பாறையிலேயே விளைந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பொலினீசியாவின் பக்கராவா தீவில் நூற்றுக்கணக்கான சுறாக்கள் ஒரு குறுகிய கால்வாயில் திரள்வதற்கு, முட்டையிட வெளியிலிருந்து வந்து கூடும் களவா மீன்களும் துணைபுரிகின்றன என 2016இல் காட்டப்பட்டது.

பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மீன்பிடிப்புள்ள இடங்களையும் தடைசெய்யப்பட்ட இடங்களையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, சுறாக்களின் எண்ணிக்கை மாற்றம் பாசிவரை படிப்படியாக இறங்குவதற்குத் தெளிவான சான்று காணவில்லை. இது வலை என்ற கருத்துக்கு எதிரானது அன்று. அதற்கு அரணே ஆகும். ஒரே இரையைப் பலர் உண்ணும் இடத்தில் ஒருவர் நீங்கினாலும் மற்றவர் அப்பணியைச் செய்வர். இழைகள் மிகுந்த வலையில் ஓரிழை அறுந்தால் அதிர்வு பரவாமல் அடங்கலாம். இழைகள் குறைந்த ஜமைக்காவில் அடங்கவில்லை.

வகுப்பறைக்கு

சபாவின் கடற்பகுதி, உலகிலேயே பவள இனங்கள் மிகுந்த பவள முக்கோணத்துள் அடங்குவது. அங்கு வாழும் மாமெங் என்னும் பெருமீன், முள்ளெலியையும் முள்முடி நட்சத்திர மீனையும் உண்ணவல்ல மிகச் சிலருள் ஒன்று. உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளுக்காக உயிரோடு பிடிக்கப்பட்டு அது அருகியதால், அதன் பன்னாட்டு வணிகத்துக்கு 2004இல் கட்டுப்பாடு விதிக்க முடிவாயிற்று. ஆதலின் இது நம் மாணவர்க்குத் தொலைதூரச் செய்தி அன்று.

ஆசிரியர்கள் கரும்பலகையில் சங்கிலியை வரைந்து தொடங்குவதில் பிழையில்லை. அது முதல் படி. அதன்பின் பாசி, பவளம், கிளிமீன், முள்ளெலி, கிளாத்தி, களவா, சுறா, மனிதன் ஆகிய எட்டுப் பெயர்களை வட்டமாக எழுதி, மாணவர் எட்டுப் பேரைக் கயிறு பிடித்து நிற்கச் செய்யலாம். பின்பு ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இது யாரை உண்கிறது? இது யாரைப் பெருக்குகிறது, யாரைக் குறைக்கிறது? இது யாரை அஞ்சுவிக்கிறது? முதல் வினாவோடு நிற்பவர் சங்கிலியைக் கற்றவர். மூன்றுக்கும் விடை தேடுபவர் வலையைக் கற்றவர். தன்வினை, பிறவினைப் பாடமும் அங்கேயே நடந்தேறிவிடும்.

மீன் பிடிக்கும் கருவியையும் உயிர்களைப் பிணைக்கும் உறவையும் தமிழில் நாம் ஒரே சொல்லால் ‘வலை’ என்கிறோம். முதல் வலையை வீசும்போது இரண்டாம் வலையின் எந்த இழை அறுபடும் என்று எண்ணிப் பார்க்க அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகிறது.

அன்று வினாத் தொடுத்த மாணவனுக்கு இன்று இவ்வாறு விடை கூறுவேன்: “தம்பி, கெராப்பு இல்லாமல் போனால் சின்ன மீன்களில் சிலவற்றுக்குச் சில காலம் நல்லது. ஆனால் அந்தச் சின்ன மீன்கள் குடியிருக்கும் பவளத்துக்கு என்ன ஆகும் என்பதை, அந்த இடத்தின் வலை முழுவதையும் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். வீடு போனால் குடியிருப்பவரும் போவார்.” அன்று நான் அடித்த சொல்லை இங்கே மீண்டும் எழுதி வைக்கிறேன்: உணவு வலை.